ஊர் ஸ்கேட் பார்க்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட், பி.எம்.எக்ஸ் எனப்படும் சின்னச் சாகசச் சைக்கிள், காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டர், சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் இடம் கட்டலாம் என்று வார்டில் பேச்சு எழுந்ததுமே சில சந்தேகங்கள் கூடவே வந்துவிடுகின்றன. கவுன்சிலர்கள், பொறியாளர்கள், பெற்றோர், பயிற்சியாளர்கள், பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளை மனதில் வைத்து எழுதியது.

1. ஸ்கேட் பார்க்னா ஸ்கேட்டிங் ரிங்க்தானே? எங்க ஊர் ஸ்டேடியத்துல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?

இல்லை, இரண்டும் வேறு. ரிங்க் என்பது சுற்றிலும் கம்பி போட்ட சமதளம். அங்கே வகுப்பு நடக்கும், பிள்ளைகள் வட்டமாகச் சுற்றுவார்கள். ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்கு வேண்டியது மூன்றாவது வகை: திருப்பங்களில் சரிவு கொடுத்த 200 மீட்டர் ஓடுதளம். சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் தங்கம் வென்றது அந்த விளையாட்டில்தான்.

ஸ்கேட் பார்க்கில் சமதளத்தோடு வளைந்து ஏறும் சரிவுகள், திண்ணைகள், தாழ்வான இரும்புக் கம்பிகள் இருக்கும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஸ்கேட்போர்டிங்கும் பி.எம்.எக்ஸ் ஃப்ரீஸ்டைலும் இந்த வகைத் தளத்தில் ஆடப்படுபவை. ஸ்கேட்போர்டின் சக்கரம் 50 முதல் 54 மில்லிமீட்டர்தான். பி.எம்.எக்ஸ் சக்கரம் 20 அங்குலம். சின்னச் சக்கரத்துக்கு ஒத்துவரும் தரை எல்லாச் சக்கரத்துக்கும் ஒத்துவரும். ஆகவே தரையை முடிவு செய்யும்போது ஸ்கேட்போர்டை மட்டும் நினைத்துக்கொண்டால் போதும்.

2. இன்ஜினியர் இருக்காரு, டிராயிங் இருக்கு. சின்னப் பசங்ககிட்ட என்ன கேக்கறது?

கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை சிமென்ட் என்பது பொறியாளருக்குத் தெரியும். ஒரு சரிவிலிருந்து இறங்கி வருபவர் அடுத்த திண்ணையை எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் அடைவார் என்பது ஓட்டுபவருக்குத்தான் தெரியும். டோக்கியோவில் பெண்கள் ஸ்கேட்போர்டிங்கின் ஸ்ட்ரீட் (படிக்கட்டு, கம்பி, திண்ணை போன்றவற்றில் ஆடும்) பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. இந்த விளையாட்டில் அந்த வயதிலேயே உச்சத்தைத் தொட்டவர்கள் உண்டு.

இது சலுகையும் அல்ல. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. இந்தியா 1992-இல் அதை ஏற்றது.

கேட்காமல் கட்டினால் நடப்பது இதுதான்: வளைவுக்குப் பதில் நேர்ச் சரிவு, வழுக்காமல் இருக்கட்டும் என்று துடைப்பத்தால் வரிவரியாகக் கீறிய தரை, ஓடி வரும் பாதையின் நடுவே விளக்குக் கம்பம். ஒரு மாதத்தில் அங்கே பைக் நிறுத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

3. அவங்கள எப்போ கூப்பிடணும்? பிளான் ரெடியானதும் காட்டினா போதாதா?

போதாது. எஸ்டிமேட் போட்டு தொழில்நுட்ப ஒப்புதல் வாங்கிய பிறகு ஒரு சரிவை இடம் மாற்றச் சொன்னாலும் திருத்திய எஸ்டிமேட் போட வேண்டும். அதற்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதினார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுக்கவில்லை. முடிந்த வரைபடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுப்பது அந்தக் கீழ்ப்படிகளில் ஒன்று.

நான்கு இடங்களில் அவர்கள் இருக்க வேண்டும்: இடம் தேர்வு செய்யும்போது, முதல் கோடு போடுமுன், டெண்டர் விடுமுன், கான்கிரீட் போடும் நாட்களில். கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பணம் வீணாவதும் அங்கேதான் (10-ஆம் கேள்வி). கூட்டத்துக்கு சனி மாலை 4 மணி நல்ல நேரம். காலாண்டு, அரையாண்டு, பொதுத் தேர்வுக் காலங்களைத் தவிருங்கள்.

4. எத்தனை பேர் வேணும்? ஸ்கேட்டிங் தெரிஞ்ச பசங்க மட்டும் போதுமா?

கடைசி வரை கூடவே வரும் குழுவுக்கு 8 முதல் 12 பேர். கருத்துக் கேட்கும் பெரிய வட்டத்துக்கு 40 முதல் 60 பேர். 8–11, 12–15, 16–21 என்று வயதைப் பிரித்துத் தனித்தனியாக உட்கார வையுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் பெரிய பையன் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

குழுவில் பாதிக்கு மேல் இன்னும் ஓட்டத் தெரியாதவர்களாக இருக்கட்டும். நன்றாக ஓட்டுபவர்கள் பெரிய சரிவு கேட்பார்கள், ஆனால் பார்க்கை நிரப்பப் போவது புதிதாக வருபவர்கள். தனியார் பள்ளியின் ஸ்கேட்டிங் வகுப்பில் மட்டும் ஆள் தேடாமல் அரசுப் பள்ளி, பக்கத்துக் குடியிருப்பு வாரிய வீடுகள் எல்லாவற்றிலும் கேளுங்கள். சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவராவது அவசியம். பஸ் காசும் டீ, வடையும் உங்கள் செலவு. அதைக்கூடக் கொடுக்காமல் சனிக்கிழமை மாலையைக் கேட்பது முறையல்ல.

5. "என்ன வேணும்?"னு கேட்டா ஸ்விம்மிங் பூல், தியேட்டர்னு எழுதறாங்க. இத வெச்சு என்ன பண்றது?

தவறு கேள்வியில்தான் இருக்கிறது. வெறும் தாளைக் கொடுத்தால் ஆசைப் பட்டியல்தான் வரும். முதலில் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். 30 மீட்டர் டேப்பைக் கையில் கொடுத்து அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, நான்கு மணி வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த வீட்டு ஜன்னல் எதிரே இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு மணி நேரத்தில் பாதி நீச்சல் குளங்கள் தானாகவே காணாமல் போகும்.

அடுத்தது மாதிரி. 1:50 அளவில் 20 × 30 மீட்டர் மனை 40 × 60 சென்டிமீட்டர் பலகையில் அடங்கிவிடும். களிமண்ணில் சரிவுகள், தீக்குச்சியில் கம்பிகள், அட்டையில் திண்ணைகள். 3.2 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மனித உருவத்தையும் வையுங்கள், அது 1.6 மீட்டர் ஆள். அது இல்லாவிட்டால் மாதிரியில் அழகாகத் தெரியும் சரிவு நிஜத்தில் இரண்டாள் உயரமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பரப்பும் விலையும் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, மொத்தத் தொகைக்குள் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பேரம், விட்டுக்கொடுத்தல், கூட்டணி எல்லாம் அங்கே நடக்கும். அதைக் குறித்துக்கொள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது படியைத் தவறவிடாதீர்கள். பள்ளி மைதானம் போன்ற ஒரு சமதளத்தில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டு, பிள்ளைகளை அந்த வழியில் ஓடவோ ஓட்டவோ சொல்லுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும் இடம் உடனே தெரியும். கணினிப் படத்தில் அது தெரியாது.

6. பொண்ணுங்க வரவே மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு இதுல ஆர்வம் இல்லைன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. வியன்னாவில் நடந்த ஆய்வு ஒன்று, ஒன்பது வயதுக்குப் பிறகு பூங்காவுக்கு வரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிவதைக் கண்டது. பையன்கள் எண்ணிக்கை அப்படிச் சரியவில்லை. 1999-இல் மார்கரெத்தன் பகுதியின் இரண்டு பூங்காக்களை நகர நிர்வாகம் மாற்றியமைத்தது: நடைபாதைகளைக் கூட்டியது, பெரிய திடல்களைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தது. பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். பிரச்சினை இடத்தின் அமைப்பில் இருந்தது.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015-இல் கட்டிய ஸ்கேட் பார்க்கில் இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாவிட்டால் ஸ்கேட்டிங் இல்லை, பெண் பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பு.

பெண் பிள்ளைகளைத் தனிக் குழுவாக, பெண் ஒருவர் நடத்தும் கூட்டத்தில் கேளுங்கள். கழிப்பறை, இருட்டுமுன் வீடு சேரும் வழி, உட்கார்ந்து பார்க்க இடம், ஒரே வாசலாக இல்லாமல் இரண்டு வாசல், எல்லோர் கண்ணும் படாத ஒரு பழகுமூலை என்று அவர்களிடமிருந்து வரும் பட்டியல் பையன்களின் பட்டியலிலிருந்து மாறுபட்டிருக்கும். ஓட்டெடுக்கும்போது பெண்களுக்கு ஒரு நிறம், சிறியவர்களுக்கு ஒரு நிறம் என்று ஸ்டிக்கர் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் எண்ணினால் கூட்டம் அதிகமுள்ள பக்கம்தான் ஜெயிக்கும்.

7. கை கால் உடைஞ்சா யார் பொறுப்பு? அப்புறம் என் பொண்ணு போட்டோவ எங்கயாவது போட்டுருவாங்களோ?

இரண்டுமே நியாயமான பயம். வடிவமைப்புக் கூட்டங்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். புகைப்படத்துக்குத் தனிச் சம்மதம், அதை மறுத்தாலும் பிள்ளை கூட்டத்துக்கு வரலாம். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் எழுதியிருக்கட்டும். தொடர்பு கொள்வது பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழு வழியாக மட்டும்.

ஓட்டிப் பார்க்கும் நாட்களில் ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசம் எல்லாம் கட்டாயம். கீழே விழும்போது எல்லோரும் கையை ஊன்றுவார்கள், அதனால் மணிக்கட்டுதான் அதிகம் அடிபடும். கட்டிய பிறகு பொறுப்பு யாருடையது என்பதை உள்ளாட்சித் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

8. எங்க ஊர்ல இடமே இல்ல. எவ்வளவு வேணும்?

600 சதுர மீட்டர், அதாவது சுமார் 15 சென்ட் இருந்தால் எல்லா வயதுக்கும் ஓரளவு செய்யலாம். 300 சதுர மீட்டரில் தொடக்கநிலைப் பூங்கா வரும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். ஓ.எஸ்.ஆர் நிலம் என்பார்கள். உங்கள் வார்டில் முள்ளு மண்டிக் கிடக்கும் அந்த மனைகளை முதலில் பாருங்கள். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு பக்கமே போகாதீர்கள்.

வீடுகளிலிருந்து 50 மீட்டராவது தள்ளி இருந்தால் சத்தப் புகார் குறையும். தகரம், பிளைவுட் சரிவுகளைவிட கான்கிரீட் மிக அமைதியானது. தூங்குமூஞ்சி மரத்தடி வேண்டாம், அதன் காய்கள் விழுந்து தரையில் ஒட்டும். நிழல் மேற்குப் பக்கத்திலிருந்து வந்தால் மாலை விளையாட்டுக்கு உதவும்.

9. பசங்க மாதிரி பண்ணிட்டாங்க. நான் டிராயிங்ல என்ன அளவு போடணும்? (ஓர் உதவிப் பொறியாளர்)

வளைந்த சரிவிலிருந்து தொடங்குங்கள். முதல் பூங்காவுக்கு 90 சென்டிமீட்டர் முதல் 1.2 மீட்டர் உயரம் போதும். வட்ட ஆரம் 1.8 முதல் 2.2 மீட்டர். ஆரம் 2 மீட்டர், உயரம் 1 மீட்டர் என்றால் சரிவு தரையில் பிடிக்கும் நீளம் 1.73 மீட்டர்: ஆரம், உயரம், 2 என்ற எண் மூன்றையும் பெருக்கி, அதில் உயரத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆரம் உயரத்தை நெருங்கினால் சரிவின் உச்சி செங்குத்தாகிவிடும், பழகுபவர்கள் பயந்து ஒதுங்குவார்கள்.

உச்சி விளிம்பில் 60 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள இரும்புக் குழாய், துத்தநாகப் பூச்சுடன். சரிவின் மேலே நிற்கும் மேடைப் பக்கமும் சரிவுப் பக்கமும் அது 5 முதல் 10 மில்லிமீட்டர் வெளியே துருத்தியிருக்க வேண்டும். கொத்தனார் அழகுக்காக அதைச் சமமாகப் பூசி மூடிவிடுவார், அப்படிச் செய்தால் போர்டின் அச்சு பிடிக்க இடமிருக்காது. மேடைக்கு ஆழம் 1.5 மீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தால் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தடுப்புக் கம்பி.

திண்ணை 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரம், விளிம்பில் 50 × 50 × 6 இரும்பு ஆங்கிள். கம்பி 30 சென்டிமீட்டர் உயரம், 3 மீட்டர் நீளம். ஒரு தடை (சரிவு, திண்ணை, கம்பி எதுவானாலும்) முடிந்து அடுத்தது தொடங்கக் குறைந்தது 6 மீட்டர், தொடக்கநிலைப் பக்கத்தில் 8 முதல் 10 மீட்டர். இந்த இடைவெளியைத்தான் முதலில் தின்றுவிடுவார்கள், "இன்னொரு சரிவு வைக்கலாமே" என்று. விடாதீர்கள்.

10. சி.சி ஃப்ளோர்தானே? நம்ம கான்ட்ராக்டரே போட்டுருவாரே?

வழக்கமான சி.சி (சிமென்ட் கான்கிரீட்) தரைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை டெண்டரிலேயே எழுதாவிட்டால் பிறகு கேட்க முடியாது. 125 முதல் 150 மில்லிமீட்டர் கனம், எம்-30 வலிமைத் தரக் கான்கிரீட், 8 மில்லிமீட்டர் கம்பி 200 மில்லிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கிலும் குறுக்கிலும். பவர் டிரோவல் இயந்திரத்தால் மழுமழுவென்று இழைத்த மேற்பரப்பு. தண்ணீர் வடிய 100-க்கு 1 சாய்வு. பேவர் பிளாக், டைல்ஸ், எபாக்ஸி பெயின்ட் மூன்றும் கூடாது: முதல் இரண்டில் சக்கரம் தட்டும், மூன்றாவது ஈரத்தில் வழுக்கும்.

வெடிப்பைக் கட்டுப்படுத்தும் வெட்டுக்கோடு 3 முதல் 4 மீட்டருக்கு ஒன்று, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம் மட்டும், ஆழம் கனத்தில் நாலில் ஒரு பங்கு. நம் வெயிலில் அடுத்த நாள் வரை காத்திருந்தால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடித்துவிடும். அதிகாலையில் போட்டு, தரை இறுகியதும் அன்றைக்கே வெட்டுங்கள். கியூரிங் ஈரச் சாக்கு போட்டு குறைந்தது 10 நாள்.

வளைவுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆரப்படி வெட்டிய பலகை இரண்டு தேவை. ஒன்று கொத்தனாருக்கு, இன்னொன்று பிள்ளைகள் குழுவுக்கு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே பலகையை வைத்துப் பார்த்து, இடைவெளி 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கேயே திருத்தச் சொல்லலாம். சமதளமும் சரிவும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரல் தட்டினால் சக்கரமும் தட்டும். முழு வேலைக்கு முன் 3 × 3 மீட்டர் மாதிரித் தளம் போடச் சொல்லி, பிள்ளைகள் ஓட்டிச் சரி சொன்ன பிறகே மிச்சம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரி, நடத்திய கூட்டங்கள் அத்தனைக்கும் காவல்.

11. பணம் எங்கேருந்து வரும்?

உள்ளாட்சியின் பொது நிதி, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, மக்கள் பங்களிப்போடு வரும் நமக்கு நாமே திட்டம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. எதைக் கேட்டாலும் தீர்மானம் வேண்டும். நகரங்களில் பகுதி சபை, வார்டு குழு. ஊராட்சிகளில் கிராம சபை. கிராம சபை வாக்காளர்களின் சபை என்பதால் 18 வயதுக்குட்பட்டவர்கள் அங்கே வாக்களிக்க முடியாது. 5-ஆம் கேள்வியில் சொன்ன களிமண் மாதிரியை மேசைமேல் வைத்து, தீர்மானத்தைப் பெரியவர் ஒருவர் முன்மொழியட்டும்.

12. அண்ணா, நாங்க சொன்னத நிஜமாவே செய்வீங்களா? (ஒரு மாணவி)

எல்லாவற்றையும் செய்ய முடியாது. முதல் கூட்டத்திலேயே மூன்று பட்டியல் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேள்: ஏற்கெனவே முடிவாகிவிட்டவை (இடம், தொகை), உங்களோடு சேர்ந்து முடிவாகப் போகிறவை, நீங்களே முடிவு செய்யப் போகிறவை (நிறம், பெயர், விதிகள்). மூன்றாவது பட்டியல் காலியாக இருந்தால் ஏன் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு.

13. அவங்க கேட்ட, கிண்ணம் மாதிரி தோண்டின பெரிய பள்ளத்துக்குக் காசு இல்ல. இல்லைன்னு சொன்னா சோர்ந்துபோயிடுவாங்களே?

பதில் வராமல் இருப்பதில்தான் பிள்ளைகள் சோர்கிறார்கள். கூட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே "சேர்த்தோம்", "மாற்றிச் சேர்த்தோம்", "முடியவில்லை" என்று எழுதி, காரணத்தோடு பள்ளிப் பலகையிலும் அந்த இடத்திலும் ஒட்டுங்கள். "நிலத்தடி நீர் மேலே இருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், கொசு வரும், மோட்டார் வைக்க வேண்டும்" என்பது பதில். "பரிசீலிக்கப்படும்" என்பது பதில் ஆகாது. காரணம் தெரிந்தால் மாற்று வழி அவர்களிடமிருந்தே வரும்: தோண்டாமல், இரண்டு சரிவுகளை எதிரெதிரே தரைக்கு மேல் வைப்பது போல.

14. கட்டி முடிக்கிறதுக்குள்ள இந்தப் பசங்க காலேஜ் போயிடுவாங்களே?

உண்மைதான். அதனால் இடம் கிடைத்ததும் நகர்த்தக்கூடிய மூன்று பொருட்களை வாங்கி அல்லது செய்து வையுங்கள்: ஒரு கம்பி, 20 சென்டிமீட்டர் உயர அகன்ற பெட்டி, ஒரு சின்னச் சரிவு. பள்ளி மைதானத்தின் சிமென்ட் தரையே போதும். இரண்டு மூன்று மாதம் பிள்ளைகள் அவற்றை எங்கெங்கே நகர்த்துகிறார்கள் என்று வாரம் ஒருமுறை படம் எடுத்துவையுங்கள். வரைபடத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. மரச் சரிவு ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்காது, இரவில் கூரைக்குக் கீழே தள்ளுங்கள். குழுவிலும் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு இளையவர்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

15. ஸ்கேட்டிங் மாஸ்டர் சாயங்காலம் பூரா கிளாஸுக்குக் கேக்கறாரு. குடுக்கலாமா?

முழு மாலையையும் கொடுத்தால் காசு கட்ட முடியாத பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். பயிற்சியாளரை எதிரியாக்கவும் வேண்டாம், பத்திரமாக விழக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், பூங்காவின் ஒரு பாதி மட்டும். பதிலுக்கு வாரம் ஒரு இலவச வகுப்பு. இந்த அட்டவணையைப் பிள்ளைகள் குழுவே முன்வைக்கட்டும். சிறியவர்களுக்கான நேரம், பெண் பிள்ளைகளுக்கான நேரம் எல்லாம் அதே அட்டவணையில் வரும்.

16. நல்ல சிமென்ட் தரைன்னா கல்யாணப் பந்தல் போடுவாங்க, நெல்லு காயப்போடுவாங்க, பைக் நிறுத்துவாங்க. அதுக்கு என்ன வழி?

மூன்றுக்கும் வெவ்வேறு வழி. பந்தலுக்குக் குழி தோண்டினால் தரை போயிற்று, எனவே வாடகைக்கு விடுவதில்லை என்று உள்ளாட்சித் தீர்மானம் வேண்டும். மேடைப் பேச்சுக்கும் அதே விதி. நெல், மிளகாய் காயப்போடுபவர்களோடு சண்டை வேண்டாம். அறுவடைக் காலத்தில் காலை பத்து முதல் மூன்று வரை வெயிலில் யாரும் ஓட்டப்போவதில்லை. மூன்றரைக்குள் பெருக்கித் தர வேண்டும் என்று பேசி முடிக்கலாம், ஒரு நெல்மணி தரையில் கிடந்தாலும் சின்னச் சக்கரம் நின்றுவிடும் என்பதை நேரில் ஓட்டிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். பெருக்குமாறு அங்கேயே இருக்கட்டும்.

பைக்தான் கடினம். சக்கர நாற்காலி நுழையும் எந்த வாசலிலும் பைக்கும் நுழையும். வாசலைக் குறுக்கி சக்கர நாற்காலியைத் தடுத்துவிடாதீர்கள். வெளியே இருபது வண்டிக்கு நிறுத்துமிடம் ஒதுக்கி, வாசலை டீக்கடை, பேருந்து நிறுத்தம் என்று ஆள் நடமாட்டமுள்ள பக்கம் வையுங்கள். இதையும் இடம் தேர்வின்போதே பிள்ளைகளிடம் கேளுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும் என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள்.